என் படத்தில் இருக்கும் உன் கை

டீச்சர்,

புதுக் காலண்டரின் உறையைக் கிழித்ததும் மையும் பசையும் கலந்து ஒரு வாடை வருமே, அந்த வாடையோடுதான் இந்த வருஷம் நீ என் வீட்டுக்குள் வந்தாய். தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருக்கும் உன் கொழுந்தனார் அச்சடித்த தினசரி காலண்டர். கரும்புக்கு யூரியா வாங்கப் போன என் வீட்டுக்காரர் இனாமாக வாங்கி வந்தார். மற்ற வருஷங்களில் அந்தக் கடைக் காலண்டரில் சாமி படம் இருக்கும். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதால் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். இந்த வருஷம் அப்படிக் கொடுத்துத் தப்பிக்க வழியில்லாமல் போய்விட்டது.

படத்தில் நம் பள்ளி விடுதியின் படிக்கட்டு. பனி இன்னும் விலகாத மலைக் காலை. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஐந்து பெண் பிள்ளைகள் உட்கார்ந்து, முன்னால் இருப்பவளின் தலையில் பேன் பார்க்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில், "படம்: அமரர்" என்று போட்டு உன் பெயர். பெயருக்குப் பக்கத்தில் "ஆசிரியை, புகைப்படக் கலைஞர்".

"இன்னா எஸ்தரு, உன் சிநேகிதி எடுத்த போட்டோ. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் எடுத்துக்கிறாங்க. ஹால்ல மாட்டு" என்றார் என் வீட்டுக்காரர். ஆணி அடித்து மாட்டியவள் நான்தான். சுத்தியலை விரலில் போட்டுக்கொண்டேன். அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

அந்தப் படத்தை எடுத்தது நான். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கேட்டால், "டீச்சர் எடுத்தாங்க" என்பார்கள். எந்த டீச்சர் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேமரா நம் இரண்டு பேர் கையிலும் மாறி மாறி இருந்ததால், கேட்டிருந்தாலும் அவர்களுக்கு நினைவிருக்காது. ஆனால் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். கடைசியாக உட்கார்ந்திருக்கும் பூங்கொடியின் தலையில் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருக்கிறது. இரண்டு கண்ணாடி வளையல், ஒரு சீப்பு. அந்தக் கை உன்னுடையது. தலைவாரிக்கொண்டே கேமராவையும் பிடித்து ஒருத்தி எப்படிப் படம் எடுப்பாள் என்று அதற்குப் பரிசு கொடுத்த நடுவர்களும் கேட்கவில்லை, பேப்பர்காரர்களும் கேட்கவில்லை, காலண்டர் அடித்த உன் கொழுந்தனாரும் கேட்கவில்லை.

நாம் எப்படி ஆரம்பித்தோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸில் முதலில் ஏறுபவள் நான். தியாகதுருகத்திலிருந்து வரும் பஸ் நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே குதித்து ஓடி வருகிறவள் நீ. உனக்காக ஜன்னலோரத்தில் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பேன். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றி எதையோ வைத்திருந்தாய்.

"இன்னா டீச்சர் அது, கோழிக்குஞ்சா?" என்று கேட்டேன்.

"எந்தம்பி குவைத்துல இருந்து எடுத்தாந்தான். ஆச தீந்துபோச்சாம், எங்கிட்ட உட்டுட்டுப் போய்ட்டான். உனக்கு இங்கிலீசு வரும், இத எப்பிடித் தொறக்கறதுன்னு பாரு" என்று துண்டை விரித்தாய்.

கழுத்தில் தொங்கப் போடும் பெரிய கேமரா. எங்கே கண்ணை வைப்பது என்றுகூட இருவருக்கும் தெரியாது. நீ முன்பக்க மூடியைக் கழற்றாமலே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்டு இல்ல போலக்குது" என்றாய். பக்கத்து சீட்டில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த மலைக்காரர்தான் அந்த மூடியைத் தொட்டுக் காட்டினார். நீ வெட்கமே படவில்லை. அவரையே நிற்க வைத்து முதல் படம் எடுத்தாய். அதில் அவருடைய மூட்டை மட்டும் விழுந்திருந்தது.

அதன் பிறகு தினமும் பஸ்ஸிலேயே பாடம். செல்போனில் யாரோ ஒரு தம்பி தமிழில் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்ப்போம். இயர்போனில் ஒரு முனை உன் காதுக்கு, ஒரு முனை என் காதுக்கு. கச்சிராயபாளையம் தாண்டி மலையேற ஆரம்பித்து இரண்டு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். அந்தத் தம்பி, "புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் செய்யிற ஒரு தப்பு இருக்கு, அது என்னன்னா" என்று ஆரம்பிப்பான், படம் உறைந்து நின்றுவிடும். சாயங்காலம் இறங்கும்போது உனக்குத் தூக்கம், எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. ஆகவே எல்லாப் பாடத்திலும் நாம் முன்பாதிதான் படித்தோம். வெளிச்சத்தை உள்ளே விடக் கற்றுக்கொண்டோம், கம்மி பண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. பல நாள் நம் படங்களில் பிள்ளைகளின் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்தமாதிரி இருந்தது.

எண்கள் உனக்குப் பெரிய தொல்லை. வெளிச்சம் நுழையும் துவாரம் பெரிதாக இருந்தால் எண் ஏன் சின்னதாக இருக்கிறது என்று அந்தக் கேமராவோடு சண்டை போட்டாய். நான் கணக்கு டீச்சர் அல்லவா, எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

"அந்த நம்பர கீழ போட்டுப் பாரு டீச்சர். நாலுல ஒரு பங்கு இட்லி பெருசா, பதினாறுல ஒரு பங்கு இட்லி பெருசா?"

"நாலுல ஒண்ணுதான் பெருசு."

"அவ்ளோதான். நாலுன்னா பெரிய ஓட்ட. பதினாறுன்னா சின்ன ஓட்ட."

"இத அந்தப் பையன் சொல்லிக்கலாம்ல? உடு, எனக்கு இனிமே நீதான் வீடியோ" என்றாய். இதை நீ யாரிடமும் சொன்னதில்லை. பரிசு வாங்கிய மேடையில், "நானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்" என்று பேசினாய். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

ஆனால் உன்னிடம் இருந்த ஒன்று என்னிடம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூச்சம். நீ நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். சாமை எப்படி விளைந்தது, மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா, கடுக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று பேச்சுக் கொடுப்பாய். அவர்கள் கேமராவை மறந்துவிடுவார்கள். பின்னால் நின்று நான் எடுத்துவிடுவேன். யாரும் வகுத்துக் கொடுக்காமலே நமக்குள் அப்படி ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. நீ பேசுவாய், நான் எடுப்பேன். மனிதர்களே இல்லாத படம் வேண்டுமென்றால் நீ எடுப்பாய். நீ எடுத்த பெரியார் அருவிப் படங்களில் தண்ணீரைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தன.

பிள்ளைகளை எடுப்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தோம். டீச்சர் புத்தி எங்கே போகும்? கேமராவை எடுத்ததுமே, "உயர வரிசையில நில்லு, கையக் கட்டு, இங்க பாரு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பிள்ளைகளும் குட்டையானவள் முன்னால், நெட்டையானவள் பின்னால் என்று விறைத்து நிற்பார்கள். விளையாடும்போது எடுக்கப் போனாலும் நம் தலையைப் பார்த்ததும் ஓடிவந்து வரிசையாகிவிடுவார்கள். ஒரு வருஷம் முழுக்க நாம் எடுத்ததெல்லாம் காலைப் பிரார்த்தனைக் கூட்டம்தான். பழமரத்தடியில் பிரார்த்தனை, ஓடைக்கரையில் பிரார்த்தனை, கபடி மைதானத்தில் பிரார்த்தனை. "இதுங்க சிரிச்சா போட்டோ எடுக்கலாம், நம்மளப் பாத்தா எங்க சிரிக்குதுங்க" என்று நீ அலுத்துக்கொள்வாய்.

அந்தக் காலை மட்டும் அப்படி இல்லை. பஸ் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டது. விடுதிப் படிக்கட்டில் பிள்ளைகள் நம்மைக் கவனிக்காமல் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர வரிசை தலைகீழாகக் கிடந்தது. பெரியவள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள், எல்லாரிலும் சின்னவளான பூங்கொடி மேல்படியில். அவள் முன்னால் இருப்பவளின் தலையைக் கோதிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். ஏனென்றால் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. "என் தலைய யாரு பாப்பாங்க" என்று மூக்கை உறிஞ்சினாள்.

நீ கேமராவை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, படியேறிப் போய் அவள் பின்னால் உட்கார்ந்தாய். பையிலிருந்து உன் சீப்பை எடுத்தாய். "அடியே, உன் தலையில ஒரு ஊரே குடியிருக்குதுடி" என்றாய். பூங்கொடி அழுதபடியே சிரித்தாள். நீயும் சிரித்தாய். உன் முகத்தில் பனி வழியாக வந்த வெயில் விழுந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் துவாரத்தின் எண்ணைக் குறைத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அழுத்தினேன். ஒரே ஒரு முறைதான். அடுத்த முறை அழுத்துவதற்குள் கீழே இருந்த பெரியவள் என்னைப் பார்த்துவிட்டாள். எல்லாரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்கள்.

பின்பக்கத் திரையில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் கணக்கு போடுவேன், சமைப்பேன், கோயிலில் பாட்டு பாடுவேன், எல்லாம் சுமாராக. என் வாழ்க்கையில் சுமாராக இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அது. நீயும் பார்த்துவிட்டு, "டீச்சர், எம்மூஞ்சிய இவ்ளோ அழகா நானே பாத்ததில்ல" என்றாய். அன்றைக்கே கார்டில் இருந்ததையெல்லாம் என் மகனின் லேப்டாப்பில் ஏற்றி வைத்துக்கொண்டேன். நல்லவேளை.

மாவட்டத்தில் ஒரு புகைப்படப் போட்டி என்று சொல்லி, "நான் அனுப்பிடறேன், எம்போன்ல மெயில் கீது" என்றாய். இரண்டு பேர் பெயரையும் போடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். முடிவு வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் தலைமையாசிரியர் பேப்பரை விரித்து உன் பெயரைப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் நீ இல்லை. உன் முகத்தை, உன் சிரிப்பை, அந்த வெயிலை எல்லாம் வெட்டி எறிந்திருந்தாய். எடுத்தவளே படத்தில் இருக்கக்கூடாதல்லவா? கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் பூங்கொடியின் தலை போய்விடும். என் கையும் தட்டிக்கொண்டுதான் இருந்தது, சும்மா இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று.

மறுநாள் பஸ்ஸில் நான் பையைப் போட்டு இடம் பிடிக்கவில்லை. நீ ஓடிவந்து ஏறினாய், என் பக்கத்தில் வேறொரு அம்மாள் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாய். வெள்ளிமலை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாய். வளைவுக்கு வளைவு நீ தள்ளாடுவது எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

மதிய உணவு இடைவேளையில்தான் கேட்டேன்.

"எம்பேரு எங்க டீச்சர்?"

"ஒரு பேருதான் போடணும்னு கண்டிசன். கேமரா என்துதான, அதான் எம்பேரு போட்டேன்."

"எடுத்தது யாரு?"

"பட்டன அழுத்தினது நீ. நான் போயி உக்காரலன்னா அது போட்டோவா சொல்லு? வெறும் பேன் பாக்கற கும்பலு."

"அப்ப உன்ன ஏன் வெட்டுன?"

நீ டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினாய். கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னாய்: "எங்க வூட்டுல நான் சம்பளம் எடுத்தாற ஆளு, அவ்ளோதான் டீச்சர். நேத்து பேப்பர்ல எம்பேரு வந்தப்பத்தான் எம்மாமியாரு எனக்கு சேர் எடுத்துப் போட்டாங்க. இத்தன வருசத்துல மொதல் தடவ. உனக்கு இன்னா, உங்க வூட்டுக்காரரு தங்கமானவரு."

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. என் வீட்டில் மட்டும் என்னைப் பல்லக்கிலா தூக்கினார்கள்? தங்கமான வீட்டுக்காரர் வாய்த்தவளுக்குத் தன் பெயரைப் பார்க்க ஆசை இருக்காதா? சேர் வேண்டுமென்றால் சொல்லியிருக்கலாம், நானே உன் மாமியாரிடம் வந்து பேசியிருப்பேன். என்னிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த சேரை வாங்கியிருக்கிறாய். அதுவும் என்னைக் கேட்காமல்.

பிறகு பேச ஆரம்பித்துவிட்டோம். தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? பையையும் போட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நீ வேறு பள்ளிகளுக்குப் போய்ப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசினாய். நான் கேமராவைத் தொடுவதையே விட்டுவிட்டேன். "புடி டீச்சர், நீ ஒண்ணு எடு" என்று ஒரு நாள் நீட்டினாய். தலைவலி என்றேன். உனக்குப் புரிந்தது. நீயும் வற்புறுத்தவில்லை.

உனக்கு உடம்புக்கு வந்தபோது கள்ளக்குறிச்சியில் பார்த்து, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி வந்து வந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், பாதி உன்னைப் பார்க்க வந்தேன், பாதி நீ சொல்வாய் என்று வந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். உன் மகளைக் கூப்பிட்டு, "அந்தப் போட்டோ எஸ்தர் டீச்சர் எடுத்தது" என்று ஒரு வார்த்தை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிவேதா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் உன் வாயையே பார்த்தேன். நீ சாத்துக்குடி உரித்துத் தரச் சொன்னாய். பூங்கொடிக்குப் பேன் போய்விட்டதா என்று கேட்டாய். கடைசியாக வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாய். இப்போது சொல்லிவிடுவாய் என்று நான் குனிந்தேன். "பஸ்ஸ உட்டுடப் போற, கெளம்பு" என்றாய். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

பிறகுதான் வேடிக்கை. தியாகதுருகம் முக்கில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதில் போட உன் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்துக்கொண்டிருந்தவள் நீதானே! ஏதோ ஒரு அடையாள அட்டையிலிருந்து பிடுங்கிப் பெரிதாக்கியிருந்தார்கள். கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக, கண் எது மூக்கு எது என்று தெரியாமல். அதற்கு மேலே "புகைப்படக் கலைஞர்" என்று கொட்டை எழுத்து. நான் மாலையோடு நின்று அந்தப் பேனரைப் பார்த்தேன். என்னிடம் லேப்டாப்பில் நீ இருந்தாய், வெயிலில், சிரித்துக்கொண்டு. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நீ வேண்டாம் என்று வெட்டி எறிந்த முகம்தானே அது, நான் எதற்கு ஒட்டிக்கொண்டு வரவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த மாசியில் உன் வருஷத் தெவசத்துக்கு முன்னால் நிவேதா போன் செய்தாள்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட அம்மா போட்டோ எதுனா இருக்குதா? மாட்டறதுக்கு ஒண்ணுகூட நல்லா இல்ல. அந்த பேனர் படத்ததான் சட்டம் போட்டு வெச்சிருக்கோம். அதப் பாத்தா எங்கம்மா மாதிரியே இல்ல ஆன்ட்டி. எனக்கு அவங்க மொகமே மறந்துடும்போல இருக்குது."

அவளே தொடர்ந்தாள். மெட்ராஸில் கேமரா படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். நேர்முகத் தேர்வுக்கு அந்தப் பேன் பார்க்கிற படத்தைக் கொண்டு போகப் போகிறாளாம். "எங்கம்மா யாருகிட்டயும் கத்துக்காம எடுத்ததுன்னு சொல்லப்போறேன். அதப் பாத்துதான் எனக்கே இந்த ஆச வந்துச்சு" என்றாள்.

இரண்டு நாள் நான் நானாக இல்லை. முழுப் படத்தைக் கொடுத்தால் பிள்ளைக்குத் தாயின் முகம் கிடைக்கும். ஆனால் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும், தாய் படத்துக்குள் இருக்கிறாள், எடுத்தவள் வேறு யாரோ என்று. கொடுக்காவிட்டால் அந்தக் கட்டம் கட்டமான முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தெரியட்டுமே, எனக்கு என்ன வந்தது என்றும் ஒரு மனம் சொன்னது. பொய் சொன்னவள் நீ. அதை வெளிப்படுத்தும் வேலைகூட எனக்கு இல்லை, படமே சொல்லிவிடும். நான் வாயைத் திறக்காமலே என் பெயர் எனக்குத் திரும்பி வந்துவிடும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. கள்ளக்குறிச்சியில் நல்ல கடையாகப் பார்த்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கண்ணாடிச் சட்டமும் போட்டேன்.

தெவசத்தன்று படையல் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. உன் மாமியார் சேரில் உட்கார்ந்திருந்தார், எழுந்து எனக்கு இடம் கொடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர், "வாங்க டீச்சர்" என்றார். நிவேதா ஓடிவந்து காகிதத்தைப் பிரித்தாள்.

அவள் முதலில் உன்னை மட்டும்தான் பார்த்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி மேல் உன் கன்னத்தைத் தடவினாள். "அம்மா சிரிக்கிறாங்க, பாருங்களேன், அம்மா சிரிக்கிறாங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டாள். அவள் அழுவதைப் பார்த்து பந்தியில் இருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்கள். உன் மாமியாரும் வந்தார், குனிந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம்தான் நிவேதாவின் கண் படத்தில் கீழே இறங்கியது. பூங்கொடி, அவள் முன்னால் இருந்தவள், அடுத்தவள். அவளுக்கு மனப்பாடமான படம் அல்லவா?

"ஆன்ட்டி, இது அந்தப் போட்டோதான?"

"ஆமாம்மா."

"அம்மா இதுல உக்காந்துக்கினு இருக்கிறாங்களே. அப்ப இத எடுத்தது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. மூன்றெழுத்துக்கூடத் தேவையில்லை, "நான்" என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் இல்லை, பயம் இருந்தது. இப்போதுதான் கையில் கிடைத்த அம்மாவை யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுபோல் சட்டத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"டைமர் வெச்சிட்டு ஓடிப்போயி உக்காந்தாங்க உங்கம்மா" என்றேன். "மதில் மேல கேமராவ வெச்சிட்டு, பட்டன அழுத்திட்டு, ஓடுனாங்க பாரு ஒரு ஓட்டம். அதான் அப்பிடி சிரிக்கிறாங்க. நான் சும்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்."

அந்த விடுதி வாசலில் மதிலே கிடையாது. உனக்குத் தெரியும்.

"அப்பா, அம்மா டைமர்ல எடுத்தாங்களாம்! அவங்களும் ஓடிப்போயி உக்காந்துக்கிட்டாங்களாம்!" என்று நிவேதா உள்ளே ஓடினாள். அழுகையும் சிரிப்புமாக அவள் சொல்லச் சொல்ல, வீடு முழுக்க அந்தக் கதை பரவியது. யாரோ எனக்கு இலை போட்டார்கள். வடை பாயசத்தோடு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

உன் பொய்க்கு இதுவரை நீ மட்டும்தான் பொறுப்பு. இனி நானும் கூட்டு. உன் பொய்யிலாவது உன் கை வெளியே தெரிந்தது, கூர்ந்து பார்த்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். என் பொய் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. இனிமேல் நானே ஊரைக் கூட்டிச் சொன்னாலும் எடுபடாது. அன்றைக்கு ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி பேசுகிறாள், செத்தவள் பேரில் பொறாமை என்பார்கள். நிவேதாவுக்கு அந்தப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு மிட்டாய் கொடுத்தனுப்பினாள். தின்றேன், இனிப்பாகத்தான் இருந்தது.

நான் நல்லது செய்துவிட்டதாக என் மனம் குளிரவில்லை டீச்சர், நீ அப்படி நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளைக்காகச் செய்தேன், உனக்காக இல்லை. உன் மேல் கோபம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. காலையில் பஸ்ஸில் ஏறி உட்காரும்போது அது என்னோடு ஏறுகிறது, சாயங்காலம் என்னோடு இறங்குகிறது. என் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது, "இத்துனூண்டு போட்டோவுக்கா" என்பார். பள்ளியில் சொல்ல முடியாது. பாதிரியாரிடம் போனால் மன்னித்துவிடு என்பார். இந்தச் சண்டையை ஆதியிலிருந்து அந்தம் வரை போட, போட்டு முடித்துவிட்டு ஒரே டப்பாவில் தயிர்சாதம் தின்ன, எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.